சக்கிமுக்கித் துப்பாக்கி கிட்: முதல் முறை கட்டுபவருக்கு எங்கே சிக்கும், எப்படி விடுவிப்பது

லாக்கை, அதாவது கல்லை எஃகில் மோதவைத்துப் பொறி எழுப்பும் இயக்கப் பகுதியை, கையில் வைத்து இயக்கினால் பொறி கொட்டுகிறது. அதையே துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் பொருத்தி போல்ட்டை முறுக்கியதும், கல்லைக் கவ்விய குதிரை சோம்பலாக விழுகிறது, அல்லது அரைக்குதிரையில், அதாவது பாதி ஏறிய காப்பு நிலையில், நிற்க மறுக்கிறது. முதன்முதலாகச் சக்கிமுக்கித் துப்பாக்கி கட்டுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் அரத்தை எடுத்து, நன்றாக இருந்த லாக்கின் உள்ளுறுப்புகளை ராவிக் கெடுத்துவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் லாக்கில் இருப்பதில்லை. மரம் எங்கோ உரசிக்கொண்டிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் ஒரு சீவல் எடுத்தால் வேலை முடிந்தது.

இந்த வேலை முழுக்க அப்படித்தான். கோளாறு ஓரிடத்தில் தெரியும், காரணம் இரண்டு படி முன்னால் இருக்கும். அதனால் எந்தப் படியில் என்ன தவறினால் பின்னால் எங்கே இடிக்கும் என்பதைச் சொல்லியே போகிறோம்.

இங்கே பேசுவது அமெரிக்காவில் கிட்டாக, அதாவது வாங்கியவரே பொருத்திக்கொள்ளும் பாகங்களாக, விற்கும் பென்சில்வேனியா நீள்துப்பாக்கி பற்றி. 18-ஆம் நூற்றாண்டில் லான்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள், தங்கள் ஊரின் குட்டையான, பருத்த வேட்டைத் துப்பாக்கியை நீட்டி மெலியவைத்து உருவாக்கிய வடிவம் அது. 40 அங்குலத்துக்கு மேல் நீளும் எண்கோணக் குழல், உள்ளே குண்டைச் சுழலவைக்கும் சுருள்காடி, சுருள்வரி ஓடும் மேப்பிள் கட்டை, பித்தளைத் தகடுகள். 1933-இல் தொடங்கிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் (மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியே திணிக்கும் துப்பாக்கிகளுக்கானது) இந்தியானா மாநிலத்தின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இன்றும் போட்டிகள் நடத்துகிறது. கட்டக் கற்றுக்கொள்ள ஆள் தேடுகிறவர்களுக்கு அதுபோன்ற சங்கங்களே நல்ல வாசல்.

சட்டத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், கருமருந்தில் (பழைய வகை வெடிமருந்து) மட்டும் இயங்கும் வாய்வழித் துப்பாக்கியைப் பழம்பொருள் வகையில் வைக்கிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உங்கள் மாநில விதியைப் பார்த்த பிறகே கிட் வாங்குங்கள். இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வாய்வழித் துப்பாக்கியும் உரிமத்துக்கு உட்பட்டது. உரிமம் இல்லாமல் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இதை ஒரு கைத்தொழிலின் நுட்பமாகப் படியுங்கள், செய்து பார்க்க இறங்காதீர்கள்.

வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டியவை

குழலை, அதன் பின்முனையை அடைக்கும் அடைப்புத் திருகு பொருத்தப்பட்ட நிலையிலேயே, பெயருள்ள குழல் தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். அடைப்புத் திருகின் முகம் குழலுக்குள் இருக்கும் படியில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். இது முதல் முறை செய்பவர் கைவைக்கும் வேலை அல்ல. வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குவது அந்தத் திருகின் இழைகள்தான்.

லாக்கில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான லாக்கைச் சரிசெய்ய ஆகும் நேரத்தில் இன்னொரு கட்டையையே செதுக்கி முடித்துவிடலாம். கட்டையைப் பொறுத்தவரை, குழல் பள்ளமும் திணிகோல் துளையும் ஏற்கெனவே போடப்பட்ட கிட்டே முதல் முறைக்குப் போதும். திணிகோல் துளை என்பது, மருந்தையும் குண்டையும் குழலுக்குள் திணிக்கும் கோலைச் செருகிவைக்கக் கட்டையின் அடியில் நீளமாக ஓடும் துளை. நீண்ட துரப்பணம் ஓரிடத்தில் விலகினால் மொத்தக் கட்டையும் போயிற்று.

கருவிகள் அதிகம் வேண்டாம். தச்சர் கணக்கில் ஒரு நூல், இரண்டு நூல் அகலமுள்ள உளிகள் (ஒரு நூல் என்பது 1/8 அங்குலம், சுமார் 3 மில்லிமீட்டர்), தோல் ஒட்டிய வைஸ், பத்து அங்குலத் தட்டை அரம், அரைவட்ட மர அரம், எஃகுச் சுரண்டி, காலிபர், ஒரு நல்ல தீட்டுக்கல். துரப்பண மேசை சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு நாள் கடன் கிடைத்தால் போதும். இவை எல்லாவற்றையும்விட அதிகம் வேலை செய்யப்போவது ஒரு சின்ன டப்பா கரி.

கரி சொல்வதைக் கேளுங்கள்

விளக்குச் சுடரின் மேல் தகடு பிடித்துக் கண்மைக்குக் கரி எடுப்பார்களே, அதே கரி. அதில் கொஞ்சம் வேசலின் குழைத்துப் பழைய பல் துலக்கியால் உலோகத் துண்டின் மேல் மெல்லியதாகத் தடவுங்கள். துண்டை அதன் பள்ளத்தில் வைத்து மரச்சுத்தியால் லேசாக ஒரு தட்டு. எடுத்துப் பார்த்தால் மரத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் எடுக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல. உலோகம் உண்மையில் முட்டிய இடம் அடர்ந்த, ஓரம் தெளிவான புள்ளியாகத் தெரியும். உள்ளே இறங்கும்போது சும்மா உரசிப்போன இடம் இழுத்துவிட்ட கோடாக, ஓரம் மங்கி இருக்கும். புதியவர் இரண்டையும் சேர்த்துச் செதுக்குவார். பள்ளம் அகன்று, தகட்டைச் சுற்றி நகம் நுழையும் இடைவெளி வந்துவிடும். முட்டிய புள்ளியை மட்டும் முதலில் எடுங்கள், மறுபடி கரி தடவி மறுபடி வையுங்கள். பத்து முறை, இருபது முறை ஆகும். கடைசிச் சுற்றுகளில் நீங்கள் எடுப்பது சீவல்கூட அல்ல, உளியின் முனையால் சுரண்டிய தூள்.

கரியை அதிகம் பூசினால் எல்லா இடமும் கறுத்து, எதுவும் தெரியாமல் போகும். ஒவ்வொரு சுற்றிலும் விரலால் வழித்து மெலிதாக்குங்கள்.

குழல் உட்காரும் இடம்

கிட்டில் வரும் குழல் பள்ளம் இயந்திரத்தில் வெட்டியது. வட்டக் கத்தி வெட்டியதால் பின்முனையின் மூலைகள் உருண்டு நிற்கும், குழலின் பின்முனையோ கூரான மூலையோடு இருக்கும். குழல் முன்னால் நன்றாகப் படிந்து பின்னால் மட்டும் தூக்கி நின்றால் இந்த மூலைகள்தான் காரணம். சுத்தியால் அடித்து இறக்கப் பார்க்காதீர்கள். முன்கட்டையின் பக்கச் சுவர் முடிவில் ஒரு நூலுக்கும் குறைவான தடிமனில்தான் நிற்கப்போகிறது, நார் வழியே நீளமாகப் பிளந்துவிடும். சிறிய உளியால் மூலையைச் சதுரமாக்குங்கள்.

பின்னடி உதைப்பை வாங்குவது குழலின் பின்முகம். அந்த முகம் மரத்தில் முழுதாக அழுந்த வேண்டும். அழுந்தாவிட்டால் ஒவ்வொரு வெடிப்புக்கும் குழலின் வால், அதாவது அடைப்புத் திருகிலிருந்து பின்னோக்கி நீளும் நாக்கு, மணிக்கட்டுப் பகுதி (கை பிடிக்கும் மெல்லிய கழுத்து) மரத்தை ஆப்புப்போல் பிளக்கும். சோதனை எளிது. குழலை இறுக்கிவிட்டுப் பின்முகத்துக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகுங்கள். நுழைந்தால் இடைவெளி இருக்கிறது. கொஞ்சம்தான் என்றால் குழலில் மெழுகு தடவிவிட்டு இடைவெளியில் எப்பாக்ஸி நிரப்பி உட்காரவையுங்கள். மெழுகு மறந்தால் குழல் கட்டையோடு ஒட்டிவிடும். அதிக இடைவெளி என்றால் அதே மேப்பிளில் மெல்லிய தகடு சீவி ஒட்டி, மறுபடி கரி போட்டுப் பொருத்துங்கள்.

வாலின் பின்நுனியில் மட்டும், எதிர்மாறாக, ஒரு மயிரிழை இடைவெளி விடுங்கள். வாலின் பக்கங்களை, மேலே அகலம், கீழே கொஞ்சம் குறுகல் என்று வருமாறு லேசாகச் சரித்து ராவிக்கொள்ளுங்கள். நேர்பக்கமாக இருந்தால் குழலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் ஓரத்திலிருந்து சிராய் பெயர்ந்து வரும். பெயர்ந்தால் தூக்கி எறியாதீர்கள், அந்தச் சிராயே திரும்ப ஒட்டுவதற்குச் சிறந்த மரம்.

ஊசியாணிகள்

குழலின் அடியில் சின்ன இரும்புக் காதுகள் இருக்கும். கட்டையின் பக்கவாட்டில் அடிக்கும் ஊசியாணி அந்தக் காது வழியே போய்க் குழலைப் பிடித்துக்கொள்கிறது. ஆணியின் தடிமன் அரை நூல் அளவே. இங்கே நடப்பது ஒரே தவறு: காதின் ஓரத்தில் துரப்பண முனை சறுக்கி, மறுபக்கம் வேறு இடத்தில் வெளிவருகிறது. குழலை இறுக்கிப் பிடித்து, காதின் நடுவைக் கட்டையின் இருபுறமும் அளந்து குறித்து, கூரான புதிய முனையால் மெதுவாகப் போடுங்கள்.

துளை போட்ட பிறகு குழலைக் கழற்றி, காதில் உள்ள துளையை மட்டும் குழலின் நீளவாக்கில் சற்று நீட்டிவிடுங்கள். மரம் ஈரத்தில் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும், இரும்பு அந்த அளவு அசையாது. நீட்டாவிட்டால் ஒரு பருவம் மாறுவதற்குள் ஆணி வளையும், அல்லது மெல்லிய முன்கட்டை விரிசல் விடும். ஆணியை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அடித்து, ஒரே பக்கத்துக்கு வெளியேற்றுங்கள். வெளியேறும் ஓரம் சிதறாது.

லாக்

லாக்கின் இடத்தைத் தீர்மானிப்பது பற்றுவாய். பற்றுவாய் என்பது, லாக்கின் வெளியே சிறிது மருந்து இடும் கிண்ணத்தில் பற்றிய நெருப்பு குழலுக்குள் போகும் சிறு துளை, விட்டம் சுமார் அரை நூல். அது அடைப்புத் திருகின் முகத்துக்குச் சற்று முன்னால் திறக்க வேண்டும். கிண்ணத்தின் நடுவும் அதற்கு நேராக வர வேண்டும். குழலுக்குள் ஒரு குச்சியை முட்டும்வரை விட்டு, வாயில் குறியிட்டு, வெளியே குழலின் மேல் வைத்துப் பார்த்தால் திருகின் முகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கோட்டைக் குழலின் பக்கத்தில் கீறிய பிறகே லாக்குக்கு உளி வையுங்கள். இந்த அளவை எடுக்காமல் லாக்கைப் பதித்தவர் பிறகு பற்றுவாயைத் திருகின் மேலேயே போட நேரிடும். அது பற்றாது.

பற்றுவாய் ஏற்கெனவே போட்ட குழல் என்றால் லாக்கை அதற்கேற்ப வையுங்கள். போடாத குழல் என்றால் லாக் முழுதாகப் பொருந்திய பிறகு கடைசியாகப் போடுங்கள். உயரம், கிண்ணத்தின் மேல்விளிம்பு மட்டத்தில், அல்லது ஒரு மயிரிழை மேலே. தாழ்ந்துவிட்டால் கிண்ணத்து மருந்து துளையை மூடிக்கொண்டு, திரி எரிவதுபோல் தாமதமாகப் பற்றும்.

இனி பதிப்பது. லாக்கின் எல்லா உள்ளுறுப்புகளையும் கழற்றுங்கள். மெயின் ஸ்பிரிங்கை அதற்குரிய கிடுக்கியால் மட்டும் அமுக்கி எடுங்கள், குறடால் நெம்பினால் தெறிக்கும் அல்லது ஒடியும். முதலில் வெறும் தகட்டை மட்டும் பதியுங்கள். தகட்டின் மேல்பகுதியில் கிண்ணத்துக்குப் பின்னால் தடித்து நிற்கும் தோள், குழலின் பக்க முகத்தோடு ஒட்டி நிற்கும்வரை இறக்க வேண்டும். ஒளியைப் பின்னால் வைத்துப் பாருங்கள், தோளுக்கும் குழலுக்கும் நடுவே வெளிச்சக் கோடு தெரியக் கூடாது. தெரிந்தால் கிண்ணத்து மருந்து அந்த வழியாக லாக்கின் உள்ளே கொட்டும், நெருப்பும் அங்கே போகும்.

வெளிச்சக் கோடு ஒரு முனையில் மட்டும் தெரிந்தால் தகடு கோணலாக இறங்கியிருக்கிறது. புதியவர் தோளை ராவி நேராக்கப் பார்ப்பார். வேண்டாம். தகட்டின் மூக்கில், அதாவது முன்முனையில், கரி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூக்கு மரத்தில் முட்டி நிற்கும்.

தகடு உட்கார்ந்ததும் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதலில் டம்ளர், குதிரையோடு சேர்ந்து சுழலும் உள்துண்டு. பிறகு அதைப் பிடிக்கும் பாலம், பிறகு டம்ளரின் வெட்டுகளில் விழுந்து நிற்கும் சியர், அதன் ஸ்பிரிங், கடைசியில் மெயின் ஸ்பிரிங். ஒவ்வொன்றைச் சேர்த்ததும் கரி. உறுப்புகள் நிற்கும் நிலையை மட்டும் பார்த்தால் போதாது, அசையும் பாதை முழுவதும் இடம் வேண்டும். மெயின் ஸ்பிரிங்கின் கீழ்க்கை குதிரை ஏறும்போதும் விழும்போதும் மேலும் கீழும் ஆடும். சியரின் பக்கக் கை, விரலால் விசையை அழுத்தும்போது மேலே போகும். இவற்றுக்குப் பள்ளத்தைச் சற்றே பெரிதாக வெட்டலாம், வெளியே தெரியாது. ஆனால் ஒரேயடியாகப் பெரிய குழியாகக் குடையாதீர்கள். அந்த மணிக்கட்டுப் பகுதிதான் துப்பாக்கியிலேயே பலவீனமான இடம்.

இப்போது முதல் பத்தியின் கோளாறுக்கு வருவோம். வெளியே ஓடும் லாக் உள்ளே ஓடவில்லை. இந்த வரிசையில் பாருங்கள். லாக் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். உடனே சரியானால், போல்ட் தகட்டை வளைத்து இழுக்கிறது, தகட்டின் அடியில் எங்கோ மரம் தாங்கவில்லை. சரியாகவில்லை என்றால் விசையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். விசை இல்லாமல் ஓடினால், விசையின் மேல்நுனி சியரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போதும் ஓடவில்லை என்றால் சியரின் கைநுனியிலும் மெயின் ஸ்பிரிங்கின் பக்கத்திலும் கரி தடவி, லாக்கைப் பொருத்தி, குதிரையைப் பத்து முறை ஏற்றி இறக்கி, பிரித்துப் பாருங்கள். குற்றவாளி கறுப்பாக நிற்கும்.

போல்ட் போகும் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. முன் போல்ட், குழலுக்கும் திணிகோல் துளைக்கும் நடுவே ஒரு நூல் அளவே உள்ள மரத்தின் வழியாகப் போகிறது. திணிகோல் போல்ட்டில் முட்டி முழுதாக உள்ளே போகாவிட்டால் போல்ட்டின் அந்த இடத்தைச் சற்று ராவி மெலியவைப்பது வழக்கம். குழலில் கைவைக்காதீர்கள்.

விசை

விசை சுழலும் ஊசியை எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் இழுப்பின் கனம் இருக்கிறது. சியர் கைக்கு அருகில், உயரத்தில் போட்டால் நெம்புகோல் உங்கள் பக்கம் வேலை செய்யும், இழுப்பு இலகுவாகும். சியர் கைக்கு முன்னால் சுமார் இரண்டு நூல் தூரம் ஒரு நல்ல தொடக்கம். தூரத்தில், தாழ்வாகப் போட்டவர் பிறகு லாக்கைக் குறைசொல்வார்.

குதிரை ஓய்வில் இருக்கும்போதும் அரைக்குதிரையிலும் முழுக்குதிரையிலும் விசைக்கும் சியர் கைக்கும் இடையே ஒரு காகிதத் தடிமன் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டம் இல்லாவிட்டால் சியர் முழு ஆழத்தில் வெட்டுக்குள் விழாது. இது ஆபத்து. விசையின் மேல்நுனியை இரண்டு ராவு ராவிச் சோதியுங்கள். ஒரேயடியாக ராவினால் விசை சியரை எட்டாமல் போகும்.

இழுப்பு கனமாக இருக்கிறது என்று டம்ளரின் வெட்டையோ சியரின் மூக்கையோ ராவாதீர்கள். அந்தக் கோணம் சிறிது மாறினாலும் முழுக்குதிரை தானாக விழலாம், அரைக்குதிரை பிடிக்காமல் போகலாம். அரைக்குதிரையில் விசையைப் பலமாக அழுத்தினாலும் குதிரை அசையக் கூடாது. அசைந்தால் அந்த லாக்கைத் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்புங்கள்.

இந்தச் சோதனைகளின்போது கல்லுக்குப் பதிலாகக் குதிரையின் தாடையில் அதே அளவு மரத்துண்டு ஒன்றைக் கடிக்கவையுங்கள். கல் உடையாது, கல் மோதும் எஃகு முகமான ஃபிரிசனும் தேயாது.

பொறி

கல் எரிவதில்லை. கல்லின் கூர்விளிம்பு ஃபிரிசன் என்ற எஃகு முகத்திலிருந்து மிக நுண்ணிய இரும்புச் சீவல்களைச் செதுக்குகிறது, அந்தச் சீவல்கள்தான் காற்றில் எரிந்துகொண்டு கிண்ணத்தில் விழுகின்றன. இதைப் புரிந்துகொண்டால் பொறி வராத காரணங்கள் மூன்றுக்குள் அடங்கிவிடும்: கல் செதுக்கவில்லை, எஃகு செதுக்கக் கொடுக்கவில்லை, சீவல் கிண்ணத்தில் விழவில்லை.

கல்லைத் தோலில் சுற்றி, தாடையில் இறுக்குங்கள். விளிம்பு ஃபிரிசன் முகத்துக்கு இணையாக, முழு அகலமும் ஒரே நேரத்தில் தொடுமாறு நிற்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தொட்டால் அந்த மூலை உடைந்துகொண்டே போகும். அரைக்குதிரையில், கிண்ணத்தை மூடி நிற்கும் ஃபிரிசனைக் கல் தொடக் கூடாது, அரை நூலாவது விலகி நிற்கட்டும். விழும்போது ஃபிரிசனின் மேல் மூன்றில் ஒரு பங்கில் முதலில் படட்டும். அங்கே தொடங்கினால்தான் சீவுவதற்கு நீளம் கிடைக்கும். தாழ்வாகப் பட்டால் கல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சாய்முகம் மேலே இருந்ததைக் கீழே போட்டால் படும் உயரம் மாறும். குதிரை முழுதாக இறங்கி நிற்கும்போது கல்லின் முனை கிண்ணத்தை நோக்கி நிற்க வேண்டும், குழலை இடிக்கக் கூடாது.

எஃகைச் சோதிக்க, ஃபிரிசனின் ஓரத்தில் ஒரு பழைய அரத்தின் மூலையை இழுங்கள். அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கினால் கடினம் போதும். கடித்தால் எஃகு மென்மையாக இருக்கிறது, பொறி மங்கிய சிவப்பாக, சோர்ந்து விழும். கார்பன் எஃகை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி எண்ணெயில் முக்கி, பிறகு 190 டிகிரி அளவில் பதப்படுத்த வேண்டும். வெப்ப வேலையில் பழக்கம் இல்லாதவர் இதையும் லாக் செய்தவரிடமே விடுவது நல்லது. அதற்கு முன் ஃபிரிசன் முகத்தை ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கே ஒட்டியிருந்த எண்ணெயோடு போய்விடும்.

கல் உடைந்துகொண்டே இருக்கிறது என்றால் ஃபிரிசன் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள். அது விறைப்பாக இருந்தால் ஃபிரிசன் தாமதமாகத் திறக்கும், திறந்ததும் எகிறித் திரும்பிவந்து கல்லில் மோதும். ஃபிரிசனின் பாதமும் ஸ்பிரிங்கும் தொடும் இடத்தைத் தீட்டுக்கல்லால் மெருகேற்றி ஒரு துளி எண்ணெய் விடுங்கள். ஸ்பிரிங்கை மெலியவைப்பது அதற்கும் பிறகுதான்.

கட்டையின் வடிவம்

முதன்முறை கட்டும் துப்பாக்கிகள் எல்லாவற்றிலும் ஒரே குறை: மரம் மிச்சம். பழைய லான்காஸ்டர் துப்பாக்கிகளைப் படத்தில் பாருங்கள், முன்கட்டை குழலோடு ஒட்டிய தோல்போல் இருக்கும். லாக்கைச் சுற்றி நிற்கும் மர விளிம்பு ஒரு நூல் அகலம் போதும். மணிக்கட்டு முட்டை வடிவம், உருளை அல்ல. பயத்தில் விட்ட அரை அங்குல மரம்தான் துப்பாக்கியை வேலிக்கட்டை மாதிரி காட்டுகிறது.

சுருள்வரி மேப்பிளில் நார் மேலும் கீழும் அலையும். நேராகச் சீவினால் அலையின் எதிர்ப்பக்கத்தில் குழியாகப் பெயரும். அரத்தைக் குறுக்காகச் சாய்த்துப் பிடியுங்கள், முடிவில் சுரண்டியால் முடியுங்கள். உப்புத்தாளை லாக் விளிம்புக்கும் தகடுகளின் ஓரத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். கூராக நிற்க வேண்டிய கோடுகளை அது உருட்டிவிடும்.

பட் பிளேட் (தோளில் பதியும் முனைத் தகடு), விசைக்காப்பு (விசையைச் சுற்றிய வளையம்), திணிகோல் வளையங்கள் எல்லாம் கரியும் பொறுமையும்தான். பட் பிளேட்டின் வளைவில் மட்டும், மேல்முனை படிந்த பிறகே கீழ்ப்பக்கத்துக்குப் போங்கள்.

நிறமும் எண்ணெயும்

ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எழும் மயிர்களைச் சுரண்டுங்கள். மூன்று முறை. பழைய முறை நிறம் என்பது நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்தது. இன்று இரும்பு நைட்ரேட் படிகமாகவே கிடைக்கிறது, ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர். கையுறை, கண்ணாடி, திறந்தவெளி கட்டாயம். பூசிக் காய்ந்ததும் மரம் சாம்பல் பச்சையாக, பார்க்கவே கலக்கமாக இருக்கும். வெப்பக்காற்று இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். பச்சை விலகிச் செம்பழுப்பு எழுந்து, சுருள்வரிகள் புலிக்கோடுகள்போல் விழித்துக்கொள்ளும். பச்சை எஞ்சினால் சூடு போதவில்லை. ரொம்பக் கறுத்துவிட்டால் நாரிழைப் பஞ்சால் தேய்த்து வெளுக்கலாம். மிச்சமான அதே மரத்துண்டில் சோதிக்காமல் கட்டையில் பூசாதீர்கள். பிறகு சமையல் சோடாக் கரைசலால் துடைத்து அமிலத்தை அடக்குங்கள்.

ஆளி விதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டு மறுபூச்சு. பிசுபிசுப்பு நிற்கிறது என்றால் தடிமனாகப் பூசிவிட்டீர்கள். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவிட்டு, பிறகு வெளியேற்றுங்கள்.

திடலுக்குப் போகும் முன்பும் பின்பும்

கருமருந்து மட்டுமே. புகையற்ற மருந்து கொஞ்சம் போனாலும் குழல் வெடிக்கலாம். முதல் வெடிகளை அனுபவமுள்ளவர் மேற்பார்வையில், துப்பாக்கியைத் தாங்கியில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றால் இழுத்து முடியுங்கள்.

அன்று மாலையே சுத்தம் செய்யுங்கள். கருமருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை இழுத்து இரவோடிரவாக இரும்பை அரிக்கும். சோப்புத் தண்ணீர், உலர்ந்த துணி, பிறகு எண்ணெய். அதற்கு முன்னால், துடைக்காமலே, லாக்கை மட்டும் கழற்றி அதன் பள்ளத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தோள் குழலைத் தொடும் இடத்துக்குப் பின்னால் கறுப்பு படிந்திருந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. லாக்கை மறுபடி அரை மயிரிழை இறக்குங்கள். வாலின் பின்நுனி மரத்தை நகத்தால் வருடுங்கள். மெல்லிய கீறல் தட்டுப்பட்டால் குழலைக் கழற்றி, பின்முகத்தில் கரி தடவி, மீண்டும் உட்காரவைத்து எங்கே தொடவில்லை என்று பாருங்கள்.